பக்கத்துக்குப் பெயர் வைத்தால் என்ன?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரும் "தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம்" என்று படித்துவிட்டு பஸ் ஏறுவதில்லை. அந்தப் பெயர் எல்லா வண்டியிலும்தான் இருக்கிறது. (1975-ல் தொடங்கியபோது அந்தக் கழகத்துக்குத் தந்தை பெரியார் பெயர். 1997-ல் எல்லாக் கழகங்களின் பெயரும் மாறியபோது இதுவும் மாறியது. அப்போதும் பயணிகள் பார்த்தது அந்தப் பெயரை அல்ல.) எல்லோருடைய கண்ணும் முதலில் போவது நெற்றிப் பலகைக்கு. செஞ்சி வழி திருவண்ணாமலையா, கிளியனூர் வழி புதுச்சேரியா, விக்கிரவாண்டி வழி விழுப்புரமா, மரக்காணமா, வந்தவாசியா?

இப்போது எல்லாப் பலகையிலும் கழகத்தின் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, கண்டக்டரைக் கேட்டு, இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

இணையத்தில் இது தினமும் நடக்கிறது.

பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்திருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பெயர் இருக்கும். அதுதான் பக்கத்தின் டைட்டில். பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் இருக்கிற தலைப்பு வேறு, இது வேறு. பக்கத்தின் நிரலில் தலைப்பகுதிக்குள் ஒரே ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். பார்வை உள்ளவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே! அதனால்தானோ என்னவோ, தளம் கட்டுகிறவர்களும் அதை மறந்துவிடுகிறார்கள். "ஹோம்", "ஹோம்", "ஹோம்". இல்லாவிட்டால் எல்லாப் பக்கத்திலும் துறையின் நீளமான முழுப்பெயர்.

மயிலம் பக்கத்தில் ஒரு பெண். பார்வை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் என்விடிஏ போட்டிருக்கிறார். (என்விடிஏ, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் இலவச ஸ்க்ரீன் ரீடர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற பார்வையற்ற இரண்டு பேர் 2006 முதல் வளர்த்தது. இது வரும்வரை பெரிய விலை கொடுத்து ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடரை வாங்க வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும்.) ஒரு டேபில் பாடத்திட்டம், ஒன்றில் அறிவிக்கை, ஒன்றில் விண்ணப்பம், ஒன்றில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான பக்கம். கண்ட்ரோலும் டேபும் சேர்த்து அழுத்தினால் அடுத்த பக்கத்துக்குப் போகும். போன உடனே ஸ்க்ரீன் ரீடர் வாயைத் திறந்து சொல்கிற முதல் சொல் அந்த டைட்டில்தான். வேறு எதையும் அல்ல, அதைத்தான். இடையில் எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் இன்சர்ட்டும் 'டி'யும் அழுத்தலாம். அப்போதும் அதே டைட்டிலைத்தான் சொல்லும்.

அது "ஹோம்" என்று சொன்னால்? பக்கத்துக்குள் இறங்கி, அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, மெனு முழுவதையும் கேட்டு, இது விண்ணப்பமா அறிவிக்கையா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு டேபுக்கும். ஒவ்வொரு முறையும்.

இதைச் சொன்னால் தளம் செய்துதருகிற பல இடங்களில் ஒரே பதில் வருகிறது. "அது 'ஏ' லெவல்தானே சார், சின்ன விஷயம். நாங்க 'டபுள் ஏ' பார்த்துட்டு இருக்கோம்."

எரிச்சல் தொடங்குவது இங்கேதான். 'ஏ' என்றால் சின்னது என்று யார் சொன்னது?

எழுத்துகளின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். உலகளாவிய இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வழிகாட்டியின் முதல் பதிப்பை 1999 மே 5-ல் வெளியிட்டது. 14 வழிகாட்டுதல்கள், அவற்றுக்குள் 65 சோதனைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னுரிமை 1, 2, 3 என்று ஓர் எண். அந்த எண்களின் பொருள் மிகத் தெளிவாக இருந்தது. முன்னுரிமை 1-ஐச் செய்யாவிட்டால் சிலருக்கு அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தவே முடியாது. 2-ஐச் செய்யாவிட்டால் கஷ்டம். 3-ஐச் செய்யாவிட்டால் ஓரளவு கஷ்டம். அவ்வளவுதான். செய்கிறவருக்கு எவ்வளவு வேலை என்பதை வைத்து அந்த எண் வரவில்லை, பயன்படுத்துகிறவருக்கு எவ்வளவு அடைப்பு என்பதை வைத்து வந்தது.

அந்தப் பட்டியலில் பக்க டைட்டிலுக்குத் தனி இடமே இல்லை. ஃப்ரேம்களுக்குத் தலைப்பு வைக்க வேண்டும் என்பது முன்னுரிமை 1. (ஃப்ரேம் வைத்துப் பக்கம் கட்டிய காலம் அது.) முழுப் பக்கத்துக்குப் பெயர் வைப்பது, பக்கத்தைப் பற்றிய கூடுதல் தகவல் தருவது பற்றிய 13.2 என்ற புள்ளிக்குள் ஒண்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னுரிமை 2.

2008 டிசம்பர் 11-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. வீட்டையே இடித்துக் கட்டினார்கள். மேலே நான்கு கொள்கைகள்: உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்க வேண்டும். அவற்றுக்குக் கீழே 12 வழிகாட்டுதல்கள். அவற்றுக்கும் கீழே 61 நிபந்தனைகள். ஒவ்வொரு நிபந்தனையும் 'நிறைவேறியதா, இல்லையா' என்று சோதித்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். கொள்கையை யாரும் சோதிக்க முடியாது, நிபந்தனையைச் சோதிக்க முடியும். பழைய எண்களுக்குப் பதில் 'ஏ', 'டபுள் ஏ', 'ட்ரிபிள் ஏ'. 61-ல் 'ஏ' 25, 'டபுள் ஏ' 13, 'ட்ரிபிள் ஏ' 23.

பக்க டைட்டில் இந்தப் புது வீட்டில் எங்கே போனது தெரியுமா? இரண்டாவது கொள்கை, அதில் வழி கண்டுபிடிப்பது பற்றிய நான்காவது வழிகாட்டுதல், அதில் இரண்டாவது நிபந்தனை. 2.4.2. சொந்தப் பெயர், சொந்த எண். பக்கத்தின் பொருளையோ நோக்கத்தையோ சொல்கிற டைட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நிலை 'ஏ'.

ஒன்பது ஆண்டுகளில் ஒண்டுக்குடித்தனத்திலிருந்து முதல் நிலைக்கு வந்த நிபந்தனையைச் 'சின்ன விஷயம்' என்றால் என்ன சொல்வது?

குழப்பத்துக்குக் காரணம் அந்த எழுத்துகள்தான். மூன்று ஏ என்றால் ஒரு ஏ-வைவிட மூன்று மடங்கு பெரியது என்று தோன்றும். நட்சத்திர ஹோட்டல் மாதிரி. உண்மையில் அது தலைகீழ். 'டபுள் ஏ' பெற வேண்டுமென்றால் 'ஏ'-வில் இருக்கிற எல்லாமும் முதலில் நிறைவேற வேண்டும். ஒரு டைட்டில் காணாமல் போனால், எழுத்து நிறமும் பின்னணி நிறமும் 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் எவ்வளவு அழகாக வேறுபட்டாலும், அந்தப் பக்கம் 'டபுள் ஏ' என்று சொல்லிக்கொள்ள முடியாது. 'ட்ரிபிள் ஏ'-வை முழுத் தளத்துக்கும் பொது விதியாக வைக்க வேண்டாம் என்று டபிள்யூ3சி-யே எழுதி வைத்திருக்கிறது. சில வகை உள்ளடக்கத்துக்கு அதை நிறைவேற்றவே முடியாது என்பதுதான் காரணம்.

எந்த நிபந்தனைக்கு எந்த எழுத்து என்று எப்படி முடிவு செய்தார்கள்? இதற்கு அவர்கள் தந்த விளக்கம் நிறையப் பேர் படிக்காத பகுதி. பல கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். இது இல்லாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் போன்ற கருவியாலும் சமாளிக்க முடியாதா? எல்லா வகைத் தளத்திலும் இதைச் செய்ய முடியுமா? உள்ளடக்கம் எழுதுகிற சாதாரண ஆள் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையா? பக்கத்தின் தோற்றத்தைக் கட்டிப்போடுமா? செய்யாவிட்டால் பயன்படுத்துகிறவருக்கு மாற்று வழி உண்டா?

பக்க டைட்டிலை இந்தக் கேள்விகள் முன்னால் நிறுத்திப் பாருங்கள். எல்லாத் தளத்திலும் முடியும். ஒரு வாரமெல்லாம் வேண்டாம், டீ குடித்து முடிப்பதற்குள் கற்றுக்கொள்ளலாம். தோற்றத்தில் ஒரு மயிரிழைகூட மாறாது. எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் 'ஏ'தான்.

ஆனால் 'ஏ' என்றாலே சுலபம் என்றும் நினைத்துவிடக் கூடாது. படத்துக்கு எழுத்தில் மாற்று விளக்கம் தரும் 1.1.1 நிபந்தனையும் 'ஏ'தான். கேப்ச்சா இருக்கிறதே, கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி 'நீ மனிதன்தானா' என்று கேட்பது, அதற்குக் கண்ணால் மட்டுமில்லாமல் வேறு புலனாலும் பதில் சொல்ல வழி வேண்டும் என்பதும் அதே நிபந்தனைக்குள் வருகிறது. அதற்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. விசைப்பலகையாலேயே எல்லாம் இயங்க வேண்டும் என்பதும் 'ஏ'. அதற்குப் பழைய தளங்களைப் பிரித்து மேய வேண்டியிருக்கும். ஒரு வரி டைட்டிலும், மாதக்கணக்கில் வேலை வாங்கும் விசைப்பலகை வசதியும் ஒரே நிலையில் நிற்கின்றன. இரண்டில் எது இல்லாவிட்டாலும் சிலர் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் ஒரே நிலை.

வகைப்பாடு முழுவதும் சரி என்றும் சொல்ல முடியாது. வீடியோவுக்குச் சைகை மொழி விளக்கம் 'ட்ரிபிள் ஏ'. நடைமுறையில் அதன் பொருள், யாரும் செய்யப் போவதில்லை என்பதே. சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்ட காது கேளாத ஒருவருக்கு எழுத்துச் சப்டைட்டில் இரண்டாம் மொழி. அவருக்கு அது கடைசி வரிசைத் தேவை அல்ல. நடுநிலைப் பள்ளி அளவைத் தாண்டிய கடின நடையில் எழுதினால் எளிய வடிவமும் தர வேண்டும் என்பதும் 'ட்ரிபிள் ஏ'. "மேற்காண் பொருள் தொடர்பாகப் பார்வையில் கண்டுள்ள கடிதத்தின்பால்" என்று தொடங்கும் அரசுக் கடிதங்களைப் படித்த எவரும் அதை முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் சொல்வார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடும்போது இப்படிச் சில நியாயங்கள் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன.

சரி, டைட்டிலுக்கு வருவோம்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. டைட்டில் இருக்கிறதா என்று ஒரு மென்பொருளால் நொடியில் சொல்லிவிட முடியும். அந்த டைட்டில் பக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறதா என்று ஒரு மனிதர் படித்துத்தான் சொல்ல வேண்டும். "ஹோம்" என்று இருந்தால் மென்பொருள் பச்சை விளக்கு போட்டுவிடும். தணிக்கை அறிக்கையில் 'தேர்ச்சி' என்று வந்துவிடும். ஆனால் நிபந்தனை கேட்பது பொருளைச் சொல்கிற டைட்டிலை. இதற்காகவே டபிள்யூ3சி எஃப்25 என்று ஒரு 'தோல்விக் குறிப்பு' எழுதி வைத்திருக்கிறது. டைட்டில் இருந்தும் அது பக்கத்தை அடையாளம் காட்டாவிட்டால் தோல்விதான் என்கிறது அது. அந்தக் காலத்து ட்ரீம்வீவரில் புதுப் பக்கம் திறந்தால் தானாக வந்து உட்காரும் "அன்டைட்டில்ட் டாக்குமெண்ட்", ஃப்ரண்ட்பேஜில் வரும் "நியூ பேஜ் 1", கோப்பின் பெயரையே டைட்டிலாக வைப்பது எல்லாம் இந்த வகை. மென்பொருள் வைத்த பெயரை மாற்றக்கூட யாருக்கும் நேரமில்லாமல் போன பக்கங்கள் அவை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எய்ம், உலகின் பத்து லட்சம் முக்கியத் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் மென்பொருளால் சோதிக்கிறது. 2024-ல் அவற்றில் 95.9 சதவீதத்தில் ஏதாவது ஒரு பிழை பிடிபட்டது. மென்பொருளால் பிடிக்க முடிந்ததே இவ்வளவு. "ஹோம்" என்று பெயர் வைத்துக்கொண்டு தப்பியவை இந்தக் கணக்கில் வராது.

டைட்டிலில் எதை முன்னால் வைப்பது? இதற்கு 2.4.2 எந்த விதியும் போடவில்லை. ஆனால் காதால் கேட்கிறவருக்கு இதுதான் உயிர்நாடி. மாவட்ட இணையதளங்கள் பலவும் இப்போது தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) உருவாக்கிய எஸ்3வாஸ் என்ற ஒரே மேடையில் இயங்குகின்றன. விழுப்புரம் மாவட்டத் தளமும் அதில்தான். (அந்தப் பெயரில் இருக்கும் மூன்று எஸ்-களில் ஒன்று 'சுகம்யா', அதாவது எளிதில் அணுகக்கூடியது.) அந்த மேடையின் வழக்கம், உள்பக்கத்தின் பெயரை முன்னால் வைத்து, மாவட்டத்தின் பெயரை அதற்குப் பின்னால் வைப்பது. இது சரியான வரிசை. முதல் சொல்லிலேயே 'சுற்றுலா' என்றோ 'அறிவிப்புகள்' என்றோ காதில் விழுந்துவிடும். வேண்டாமென்றால் அங்கேயே வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். மாவட்டப் பெயரும் மாநிலப் பெயரும் முன்னால் வந்தால், ஒவ்வொரு முறையும் அந்த முழு வரியையும் கேட்டு முடித்த பிறகுதான் விஷயம் தெரியும்.

உள்ளூரிலிருந்தே இன்னொரு உதாரணம். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்களுக்கு டிஎம்வி என்று பெயர். (திண்டிவனம் ரயில் நிலையத்தின் குறியீடும் டிஎம்விதான்.) நிலக்கடலையிலும் டிஎம்வி 3 உண்டு, எள்ளிலும் டிஎம்வி 3 உண்டு. ஒரு பக்கத்துக்கு "டிஎம்வி 3" என்று மட்டும் டைட்டில் வைத்தால் மென்பொருளும் ஏற்கும், ஊர்க்காரருக்கும் பெருமையாக இருக்கும். விதைப்பு விவரம் தேடி வந்த விவசாயிக்கு எந்தப் பயிர் என்று தெரியாது. "எள் டிஎம்வி 3: விதைப்பும் பராமரிப்பும்" என்று வைத்தால் வேலை முடிந்தது.

தமிழில் இந்த டைட்டிலுக்கு ஒரு தனிச் சோகக் கதையும் உண்டு.

யூனிகோட் பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. பாமினி, டிஸ்கி, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பிறந்த டேம், டேப் என்று. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டியிருப்பார்கள். பக்கத்துக்குள் அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழ் தெரியும். ஆனால் டைட்டில் பட்டைக்கு எழுத்துருவைத் தளம் கட்டுகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது, அது கணினியின் எழுத்துருவில்தான் வரும். பாமினியில் "தமிழ்" என்று தட்டி டைட்டிலில் போட்டால், மேலே தெரிவது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஸ்க்ரீன் ரீடரும் அதைத்தான் சொல்லும். அதனால் உள்ளே தமிழாகவே இருக்கும் தளத்துக்கும் மேலே ஆங்கில டைட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை போட்டது. எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆங்கில டைட்டில் வைக்கும் பழக்கம் மட்டும் பல தளங்களில் அப்படியே தங்கிவிட்டது.

தமிழில் டைட்டில் வைத்தாலும் இன்னொரு இடம் சறுக்கும். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். அது 3.1.1 என்ற நிபந்தனை. அதுவும் 'ஏ'. ஆனால் அது மூன்றாவது கொள்கையான 'புரிய வேண்டும்' என்பதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. டைட்டில் இருப்பதோ 'இயக்க முடிய வேண்டும்' என்பதற்குள். தணிக்கை அறிக்கையில் இரண்டும் வேறு வேறு பக்கங்களில் வரும், வேறு வேறு ஆள் சரிசெய்வார். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கம் தமிழ், மொழிக் குறிப்பு ஆங்கிலம் என்று இருந்தால், ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிடும். பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. மௌனமாகத் தாண்டிப் போய்விடும். டைட்டில் இருக்கிறது, நிபந்தனை நிறைவேறிவிட்டது, கேட்கிறவர் காதில் ஒன்றும் விழவில்லை!

இதைவிட நுணுக்கமான ஒன்று. பக்கத்துக்குள் தமிழ் வாக்கியத்தின் நடுவே ஆங்கிலச் சொற்றொடர் வந்தால், அந்த இடத்துக்கு மட்டும் தனி மொழிக் குறிப்பு போடலாம். (இது 3.1.2, 'டபுள் ஏ'.) டைட்டிலுக்குள் அதைச் செய்ய முடியாது. டைட்டில் வெறும் எழுத்தை மட்டுமே ஏற்கும், உள்ளே வேறு குறிகளை வைக்க விடாது. ஆகவே பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று டைட்டில் வைத்தால் முழுவதையும் ஒரே மொழிக் கணக்கில்தான் கருவிக்குத் தர முடியும், ஏதாவது ஒரு பாதி சிதையலாம். இருமொழித் தளம் நடத்துகிறவர்கள் தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழிலேயே முழு டைட்டிலும், ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கிலத்திலேயே முழு டைட்டிலும் வைப்பதுதான் நல்லது. இதை எந்த நிபந்தனையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தமிழில் வேலை செய்தால்தான் தெரியும்.

இந்தியாவில் இந்த வகைப்பாடு என்ன ஆனது என்பதையும் பார்த்துவிடலாம். ஏனென்றால் அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

2009-ல் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி வந்தது. ஜிஐஜிடபிள்யூ என்று சொல்வார்கள். அதில் 'கட்டாயம்', 'அறிவுரை', 'விருப்பம்' என்று மூன்று பிரிவு. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017-ல் அதற்கான விதிகள் வந்தன. அவற்றில் 15-வது விதி, இணையதளங்கள் இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும் என்றது. 2023-ல் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு வந்தபோது உலக வழிகாட்டியின் 2.1 பதிப்பில் 'டபுள் ஏ' என்று அளவு வைத்தார்கள். தாளில் எல்லாம் பிரமாதமாக இருந்தது.

ராஜீவ் ரதூரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி 2005-லேயே பொதுநல வழக்குப் போட்டிருந்தார். கட்டடம், சாலை, போக்குவரத்து எல்லாம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்ற வழக்கு. 2024 நவம்பர் 8-ல் அதில் வந்த தீர்ப்பு, வகைப்பாட்டின் அடிமடியிலேயே கை வைத்தது. சட்டம் அணுகலைக் கட்டாயம் என்கிறது. ஆனால் 15-வது விதி கைகாட்டும் வழிகாட்டிகளோ பரிந்துரை நடையில் இருக்கின்றன, 'செய்யலாம்', 'செய்தால் நல்லது' என்று. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி விருப்பமாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. விதி 15(1) சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. விட்டுக்கொடுக்கவே முடியாத அடிப்படைகளைத் தனியே பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக வகுக்கச் சொன்னது.

1999-ல் டபிள்யூ3சி 'முன்னுரிமை 1' என்று எழுதியபோது சொன்னதும் ஏறக்குறைய இதுதான். எது இல்லாவிட்டால் ஒருவர் வெளியே நிற்கிறாரோ அது முதலில், மற்றவை பிறகு. அந்தப் பிரிவைச் சரியாகப் போடாமல் எல்லாவற்றையும் ஒரே 'அறிவுரை' மூட்டையில் கட்டினால் ஒரு வரி டைட்டில்கூட யார் கடமையும் இல்லாமல் போகும்.

ரதூரி தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகள். வங்கிக் கணக்குக்கு முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்கிறது செயலி. சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணைய வழி அணுகல் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். பட்டா, வருமானச் சான்று, தேர்வு விண்ணப்பம் எல்லாம் திரைக்குள் போய்விட்ட காலத்தில் இது சலுகை பற்றிய பேச்சே அல்ல.

உலக வழிகாட்டியும் நின்றுவிடவில்லை. 2018-ல் 2.1, 2023 அக்டோபர் 5-ல் 2.2. இப்போது மொத்தம் 86 நிபந்தனைகள். மூன்றாம் பதிப்புக்கு 2021-ல் வந்த முதல் வரைவில், எழுத்துகளை விட்டுவிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று வைக்கலாமா என்று யோசித்தார்கள். (வெண்கலம் என்று சொன்னால் 'சின்ன விஷயம் சார்' இன்னும் சத்தமாகக் கேட்கும் என்பதுதான் பயம்.) இத்தனை மாற்றத்திலும் 2008-லிருந்து 2.4.2 அதே எண்ணில், அதே 'ஏ'-வில், ஒரு சொல் மாறாமல் நிற்கிறது.

கடைசியாக, தளம் கட்டத் தெரியாதவர்களும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. அலுவலகங்களில் நாள்தோறும் பிடிஎஃப் கோப்புகள் உருவாகி இணையத்தில் ஏறுகின்றன. சுற்றறிக்கை, டெண்டர், தேர்வு முடிவு. பிடிஎஃப்புக்கும் டைட்டில் உண்டு, அதே நிபந்தனை அதற்கும் பொருந்தும். வேர்டில் அடித்து அப்படியே பிரிண்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கினால், டைட்டிலில் "மைக்ரோசாஃப்ட் வேர்ட்" என்றும் பின்னால் கோப்பின் பெயரும் வந்து ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். வேர்டில் 'ஃபைல்' போய் 'இன்ஃபோ'வைத் திறந்தால் வலப்பக்கம் 'டைட்டில்' என்று ஓர் இடம் காலியாக இருக்கும். லிப்ரே ஆபீஸில் 'ஃபைல்', 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிஸ்க்ரிப்ஷன்'. அங்கே சுற்றறிக்கையின் பொருளை முதலிலும் எண்ணையும் தேதியையும் பின்னாலும் தட்டிவிட்டு, பிரிண்ட் வழியாக இல்லாமல் 'சேவ் ஆஸ்' அல்லது 'எக்ஸ்போர்ட்' வழியாக பிடிஎஃப் ஆக்கினால் டைட்டில் கூடவே போகும். கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் பண்ணித்தான் ஏற்ற வேண்டும் என்றால் அது வெறும் படம், அதற்குள் படிக்க எழுத்தே இருக்காது. அது 1.1.1-ஐச் சேர்ந்த வேறு பஞ்சாயத்து. கையெழுத்துப் பிரதி கோப்பில் இருக்கட்டும், அடித்த பிரதியையும் சேர்த்து ஏற்றுங்கள்.